மலையகத்தில் ஒரு துப்பறியும் கதை

நேயர்களுக்கு அன்பு வணக்கம். குழந்தையைக் கடத்திப் பணம் கேட்கும் தந்திரசாலி ஒருவனைத் தேடிப் பிடிக்கும் கதையை நமது இலங்கை மலையகத்தில் நிகழ்த்துவதானால், அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பனிமூட்டத்தையும் பள்ளத்தாக்கையும் வர்ணித்துவிட்டால் போதும் என்று எழுதப்படும் கதைகள் எனக்கு நிறைவு தருவதில்லை. கடத்தியவனின் தந்திரமும், அவனைப் பிடிப்பவரின் மதிநுட்பமும் இந்த மண்ணிலிருந்தே பிறக்க வேண்டும்.

தெமோதரை புகையிரத நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பதுளை நோக்கிச் செல்லும் வண்டி அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்டு, குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. சுரங்கத்தைக் கடந்ததும் பணப்பையை வெளியே எறியும்படி கட்டளையிட்டவன், மேடையில் பயணிகளோடு பயணியாக நின்று, வண்டிக்குள் பொலிசார் இருக்கிறார்களா என்று நோட்டமிட்டுவிட்டு, அது சுற்றி வருவதற்குள் சரிவில் இறங்கிக் காத்திருக்கலாம். இதைவிட வசதியான இடம் ஒரு கதாசிரியருக்கு எங்கே கிடைக்கும்?

ஆனால், இத்தகையவனைப் பிடிப்பது பெரும்பாலும் சிறிய குறிப்பு ஒன்றுதான். விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் குழந்தை 1932 மார்ச் 1ஆம் திகதி அமெரிக்காவில் கடத்தப்பட்டது. 50,000 டொலர் கொடுத்தும் குழந்தை உயிரோடு கிடைக்கவில்லை. கொடுத்த தாள்களின் இலக்கங்கள் குறித்துவைக்கப்பட்டிருந்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பெற்றோல் நிலைய ஊழியர் ஒருவர், தமக்குக் கிடைத்த 10 டொலர் தாளில் சந்தேகங்கொண்டு, அதன் ஓரத்திலேயே வாடிக்கையாளரின் கார் இலக்கத்தை எழுதிவைத்தார். அந்த இலக்கம், பின்னர் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்ட புரூனோ ஹாப்ட்மனின் வீட்டுக்கு இட்டுச்சென்றது.

அந்த ஊழியரைப் போன்றவர்கள் நம் தேயிலைத் தோட்டங்களில் ஏராளம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்பதெல்லாம் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் இருக்கின்றன. பறித்த கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொருவரின் கிலோவையும் பதிகிறார். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைமடுவத்து ஆயாவுக்கோ, எந்தப் பிள்ளையை எந்தப் பாட்டி வந்து தூக்கிச் செல்வார் என்பது மனப்பாடம்.

ஆகவே, என் கதையின் பொலிஸ் பரிசோதகர் மலை உச்சிகளில் ஓடமாட்டார். பணம் எறியப்பட்ட நாளில் பகல் நிறுவைக்கு வழமைபோல் வந்துவிட்டதாகக் கொழுந்து ஏற்றும் லொறியின் சாரதி சாதிக்கும்போது, அன்று லொறியைக் காணாமல் மழையில் சாக்குகளோடு நின்ற பெண்களை அவர் விசாரிப்பார். நெடுநேரம் சாக்கில் கிடந்ததால் கொழுந்து சூடேறி வந்ததாகத் தொழிற்சாலையில் எழுதப்பட்ட குறிப்பையும் பார்ப்பார். அந்தப் பெண்களை அழுது புலம்பும் சாட்சிகளாக மட்டும் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சாரதியின் பொய்யை முதலில் கண்டுகொள்பவர் அவர்களில் ஒருவராகவே இருக்க வேண்டும். அவர் பேசும் அத்தியாயம்தான் கதையில் மிக நீண்டதாக அமையும். பரிசோதகர் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, தெமோதரையில் மேடையில் நின்றவன் யாரென்பதை வாசகரும் அங்கேயே ஊகித்துவிடலாம்.