தங்கச் சுரங்கத்தைத் தடுத்த கல்மேடு! உள்ளே என்ன இருக்கிறது?

[திரையில்: ஆண்டிஸ் மலை, உடைந்த பாறைகள்]

இந்தக் கற்குவியலை நன்றாகப் பாருங்கள். இது நகர்கிறது! அர்ஜென்டினா 2010-ல் ஒரு சட்டம் போட்டது: பனியாறு மட்டுமல்ல, இந்த மாதிரிக் கல்மேடு இருக்கும் இடத்திலும் சுரங்கம் தோண்டக் கூடாது. சுரங்கக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இந்தத் தடைக்குக் காரணம், உள்ளே இருக்கும் பனி. வறண்ட ஆண்டிஸில் அது தண்ணீர்க் கையிருப்பு.

வணக்கம் மக்களே! நம் புக்கிட் தீமா உச்சியே 164 மீட்டர்தான், நமக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். சிங்கப்பூருக்கும் வருகிறேன், ஓடிவிடாதீர்கள்.

முதலில் போரடிக்கும் பகுதியை முடித்துவிடலாம். தொடர்ந்து இரண்டு வருடமாவது 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலம்தான் பெர்மாஃப்ராஸ்ட். அப்படி உறைந்த சரிவில் கல்லும் பனியும் கலந்து மெல்லக் கீழே இறங்கினால் அது ராக் கிளேசியர், நாம் பார்த்த கல்மேடு இதுதான். வேகம், வருடத்துக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை. அவ்வளவுதான்.

[திரையில்: மேலிருந்து எடுத்த படம், வளைவு வளைவான மடிப்புகள்]

இப்போது எனக்குப் பிடித்த இடம். சூடான அல்வாவைத் தட்டில் சரித்துக் கொட்டிப் பாருங்கள். முன்னால் போனது தயங்கி நிற்கும், பின்னால் வருவது தள்ளும், மேலே மடிப்பு விழும். இந்த மேட்டின் மடிப்புகளும் அப்படி உண்டானவைதான். அல்வாவில் நெய், இங்கே பனி. (பசிக்கிறது என்றால் வீடியோவை நிறுத்திவிட்டுத் தேக்கா போய்விட்டு வாருங்கள்.)

அடுத்து, முன்முனையைப் பாருங்கள். செங்குத்தாகச் சரிந்து, வெளிர் நிறத்தில் புதுக் கல் தெரிந்தால் பெரும்பாலும் இன்னும் ஓடுகிறது. சரிவு தணிந்து, மேல்பரப்பு குழிந்து, புல்லும் மரமும் வேர்விட்டிருந்தால் பனி எப்போதோ உருகிவிட்டது. மிச்சம் வெறும் கல். இரண்டுக்கும் நடுவே வேகம் அடங்கிக்கொண்டிருக்கும் ரகம் ஒன்று உண்டு. தலைவலியே அதுதான். ஒரே படத்தைக் கொடுத்தாலும் இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாக எல்லை வரைவார்கள். இதற்குப் பொது விதிமுறை வகுக்க ஒரு சர்வதேசக் குழு 2018-ல்தான் வேலையைத் தொடங்கியது. ரொம்பத் தாமதம் என்பது என் கருத்து.

1970-களில் சுவிட்சர்லாந்தில் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். குளிர்காலக் கடைசியில், தரைமேல் விழுந்து படிந்த கனமான பனிப்படலத்துக்குள் வெப்பமானியோடு ஒரு கம்பியை இறக்கு, அடியில் மைனஸ் 3 டிகிரிக்குக் கீழே காட்டினால் பெர்மாஃப்ராஸ்ட் இருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவு கனமான பனி காற்றின் குளிரை மறித்துவிடும், அதனால் கம்பி காட்டுவது நிலத்தின் குளிரை. ஒரு கம்பி போதும்!

ஆனால் மலை மலையாய் ஏறிக் கம்பி குத்த யாரால் முடியும்? அங்கேதான் ரேடார் செயற்கைக்கோள். ஒரே இடத்தை இரண்டு தடவை படம் எடுத்து, திரும்பி வரும் அலைகளை ஒப்பிட்டால் சென்டிமீட்டர் நகர்வுகூடத் தெரிந்துவிடும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியூ) உள்ள சிங்கப்பூர் புவி ஆய்வகம் இதே உத்தியால் கடலோர நகரங்கள் எவ்வளவு தாழ்கின்றன என்று அளக்கிறது. நம் சிங்கப்பூரிடமும் ரேடார் செயற்கைக்கோள் உண்டு. டிஎஸ்-சார் என்று பெயர், 2023 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். நம் ஊர் வானத்துக்கு வேறு எது சரிப்படும், சொல்லுங்கள்!

ரேடாருக்கும் ஒரு எல்லை உண்டு. நகர்கிறதா என்று சொல்லும். உள்ளே எவ்வளவு பனி என்று சொல்லாது. அதற்குத் துளை போட வேண்டும். சுவிட்சர்லாந்தின் முர்டெல் ராக் கிளேசியரில் 1987-ல் போட்ட துளையில், சில மீட்டர் கல்லுக்குக் கீழே கெட்டிப் பனி கிடைத்தது. அங்கே இப்போதும் வெப்பநிலை அளக்கிறார்கள், நிலம் சூடேறி வருகிறது. ஆல்ப்ஸில் பல மேடுகளின் வேகமும் கூடியிருக்கிறது.

லடாக் போய்வந்தவர்கள் இருந்தால் உங்கள் போன் கேலரியைத் தேடிப் பாருங்கள். மடிப்பும் செங்குத்தான முன்முனையும் தெரிகிற படம் கிடைத்தால் கமெண்டில் போடுங்கள், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எல்லோரும் சேர்ந்து சண்டை போடலாம்.