சவூதி காபிக்கு நம் ஏலக்காய் ஏன் அவ்வளவாகப் போவதில்லை?

வணக்கம் மக்களே! இன்றைக்குப் போடிநாயக்கனூரில் இருந்து பேசுகிறேன். கையில் இரண்டு ஏலக்காய் வைத்திருக்கிறேன், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். இது 8 எம்எம் காய், நல்ல பச்சை, தோலில் ஒரு கீறல் இல்லை. இன்னொன்றில் சொறி பிடித்த மாதிரிப் பழுப்புத் தழும்பு தெரிகிறதா? இலைப்பேன் என்ற சின்னப் பூச்சி செய்த வேலை. இதற்கு ஏலத்தில் விலை விழுந்துவிடும்.

அப்புறம் விவசாயி என்ன செய்வார்? மருந்து அடிப்பார். போடியிலும் இடுக்கி புத்தடியிலும் நடக்கும் ஏலத்தில் வியாபாரி பார்ப்பது நிறம், பருமன், லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவுக் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்பது. மருந்து எச்சம் கண்ணுக்குத் தெரியாதே! அது தெரிவது கடல் தாண்டிப் போன பிறகு, பரிசோதனைக் கூடத்தில். 2018-ல் எச்சம் அதிகம் என்று சொல்லித்தான் சவூதி நம் ஏலக்காயைத் தடுத்தது. கஹ்வா காபியில் ஏலக்காயை அள்ளிப் போடுகிற நாடு அது!

அங்கே மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் காய் எப்போதோ கால் ஊன்றிவிட்டது. ஆல்டா வெராபாஸ் மலைப்பகுதியில் விளைகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்டுக்காரர்கள் ஏலக்காயைத் தொடுவதே அபூர்வம். விளைந்ததை வெளியே விற்றே ஆக வேண்டும், அதனால் விலையில் இறங்கி வருவார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டீ, பாயசம், பிரியாணி, பான் மசாலா என்று உள்ளூரிலேயே பெரும்பகுதி காலியாகிவிடும். 2019 ஆகஸ்டில் விளைச்சல் குறைந்தபோது இடுக்கி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலைக்கு எந்த அரபு வியாபாரி நம்மிடம் வருவார், சொல்லுங்கள்!

மணத்தில் நம் காயை அடிக்க ஆள் இல்லை என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். சரி, இருக்கட்டும். மணத்தை வைத்துப் பரிசோதனைக் கூடத்தைத் தாண்ட முடியாது. மானியம் கொடுத்தால் ஏற்றுமதி ஏறிவிடும் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டோடும், அதாவது ஒவ்வொரு விற்பனைக் குவியலோடும், எச்சப் பரிசோதனைச் சீட்டு வர வேண்டும், சுத்தமான லாட்டுக்கு நாலு காசு கூடக் கிடைக்க வேண்டும். சொறிக்காய்க்கு விலையைக் குறைக்கத் தெரிந்த சந்தைக்கு இது முடியாதா என்ன?

ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்தால், ஒரு சீசனுக்கு எத்தனை தடவை மருந்து அடிக்கிறீர்கள், கடைசி மருந்துக்கும் காய் பறிப்புக்கும் எத்தனை நாள் விடுகிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.