இஎஸ்ஐ காசை கையில குடுத்துட்டா என்ன? - சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி இஎஸ்ஐ, அதாவது தொழிலாளிங்களுக்கான அரசு காப்பீடு பத்தி, திருப்பூர்லருந்து ஒரு தம்பி அனுப்பினது. படிச்சதுலருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. "சார், சம்பளத்துல இஎஸ்ஐக்குப் புடிக்கிறாங்க, அங்க போனா அரை நாள் லைன்ல நிக்கணும், அதனால நான் பிரைவேட்லதான் பாக்குறேன். அந்தக் காசை கையில குடுத்தா நானே ஒரு இன்சூரன்ஸ் போட்டுக்குவேனே?"

தம்பி, லைன்ல நிக்கிற கோவம் நியாயமான கோவம். ஆனா கணக்கைப் பாருங்க. 16,000 ரூபா சம்பளம்னா உங்ககிட்ட புடிக்கிறது 0.75 சதவீதம், 120 ரூபா. முதலாளி போடுறது 3.25 சதவீதம், 520 ரூபா. கையில குடுங்கன்னு கேட்டா அந்த 120தான் வரும், 520 அவருகிட்டயே நின்னுரும். 120 ரூபாய்க்கு வீட்டுக்காரம்மா, புள்ளைங்க, உங்களை நம்பி இருக்குற அப்பா அம்மா எல்லாத்துக்கும் எந்தக் கம்பெனி பாலிசி தருது?

இன்னொண்ணு, நான் பழைய வீடியோலயும் சொல்லிருக்கேன், திரும்பவும் சொல்றேன், தொழிலாளிக்கு நோய் வந்தா செலவு ரெண்டு. ஆஸ்பத்திரி செலவு ஒண்ணு, வேலைக்குப் போகாத நாளோட கூலி இன்னொண்ணு. வழக்கமான இன்சூரன்ஸ் மொதல் செலவைத்தான் பாக்கும், ரெண்டாவதுக்கு அரிசி பருப்பு யாரு வாங்கித் தருவா? இஎஸ்ஐல மொத ரெண்டு நாள் போக, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் கூலி உண்டு. 500 ரூபா நாள் கூலின்னா 350. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பனியன் கம்பெனில பவர் டேபிள் ஓட்டுறவங்க, கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் மிஷின்ல உக்காரக்கூடாதுன்னுட்டாங்க. கூலிப் பணத்துக்கு எழுதிப் போட்டா, அதுக்குத் தேவையான 78 நாள் கட்டினதா கணக்குல வரலைன்னு பதில். கம்பெனி அவங்க சம்பளத்துல புடிச்சிருக்கு, ஆனா கட்டலை. கூட வேலை பாக்குற பொம்பளைங்க ஏழெட்டு பேரு ஆளுக்கொரு சம்பளச் சீட்டை எடுத்துட்டு லீவு போட்டு இஎஸ்ஐ ஆபீஸுக்குப் போனாங்க, ஏன்னா அவங்களுக்கும் அதே கதைதான். அப்புறம்தான் ஃபைல் நகந்துச்சு, பணமும் வந்துச்சு. அந்த அக்கா மட்டும் தனியா போயிருந்தா நாளைக்கு வான்னு அனுப்பிருப்பாங்க.

இதைச் சொல்லும்போது எனக்கு ட்ரெடெகர் ஞாபகம் வருது, நம்ம சேனல் பாக்குறவங்களுக்குத் தெரியும், வேல்ஸ்ல இருக்குற நிலக்கரிச் சுரங்க ஊரு. அங்கயும் சம்பளத்துலதான் புடிச்சாங்க, ஒரு பவுண்டு சம்பளத்துக்கு மூணு பென்னி, அப்போ 240 பென்னி ஒரு பவுண்டு. ஆனா அந்தக் காசை வச்சு டாக்டரை, பல் டாக்டரை, நர்ஸை வேலைக்கு வச்சது யாரு? தொழிலாளிங்க தேர்ந்தெடுத்த கமிட்டி. அந்தக் கமிட்டில இருந்தவருதான் அன்யூரின் பெவன், 13 வயசுல சுரங்கத்துல எறங்குன ஆளு. அவரு அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான், 1925ல நுரையீரல்ல கரித்தூசி அடைச்சு செத்தாரு. அது தொழில் நோயே இல்லைன்னு அன்னைக்கு சட்டம், நஷ்டஈடு ஒரு பைசா வரலை. அந்த மகன்தான் மந்திரியாகி 1948 ஜூலை 5ல பிரிட்டன் முழுக்க எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டாந்தாரு. எங்க ஊர்ல இருந்ததைத்தான் நாடு முழுக்கக் கொண்டுபோறேன்னு சொன்னாரு. மூணு வருஷம்கூட ஆகலை, பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கணும்னு அவரு கட்சி அரசாங்கமே சொன்னப்போ 1951ல மந்திரி பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வந்துட்டாரு.

நம்ம இஎஸ்ஐயைக் கொண்டுவந்த சட்டமும் அதே 1948தான். அதனால தம்பி, என்னைக் கேட்டா நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. காசு எங்களுது, டிஸ்பென்சரில மருந்து இல்லைன்னா யாரைக் கேக்குறது? இஎஸ்ஐ கார்ப்பரேஷன்லயே தொழிலாளர் பிரதிநிதிக்கு இடம் இருக்கு, ஊர் அளவுல லோக்கல் கமிட்டி போடவும் விதி இருக்கு. உங்க ஏரியாவுல கமிட்டி இருக்கா, உங்க தொழிலாளிங்க சார்பா அதுல யாரு உக்காந்திருக்காங்க, கடைசியா எப்போ கூடுனாங்க? இதை யூனியன்ல கேளுங்க. யூனியன் இல்லைன்னா கூட வேலை செய்றவங்ககிட்ட பேசுங்க. அதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரியே இஎஸ்ஐ வெப்சைட்ல உங்க நம்பரைப் போட்டு, புடிச்ச காசைக் கம்பெனி மாசாமாசம் கட்டுதான்னு பாருங்க. கட்டலைன்னா எழுதுங்க, அடுத்த வீடியோல என்ன செய்யலாம்னு பேசுவோம்.