மண்டபத்துக்குள் வர முடியாதவரின் வணிகம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையில் கூடியிருக்கும் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். வருங்கால வணிகத்துக்குப் பெரிதும் கைகொடுக்கப்போவது நேரடிச் சந்திப்பா, இணையவழிச் சந்திப்பா என்ற கேள்விக்கு, இணையவழிச் சந்திப்பே என்று எங்கள் அணி வாதிடுகிறது.

தேயிலையைத் திரையில் முகர்ந்து பார்க்க முடியுமா என்று எதிரணித் தலைவர் கேட்டார். அவர் எடுத்துக்காட்டியதே எங்கள் தரப்பின் வலுவான சான்று. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், தரகரும் கொள்வனவாளரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து, குரல் கொடுத்து விலை கேட்கும் முறையிலேயே தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் ஏலம் இணையத்துக்கு மாறியது. ஊரடங்கு நீங்கிய பின்பும் அங்கேயே நடக்கிறது. அப்படியானால் சுவை என்னவாயிற்று? மாதிரிகள் ஏலத்துக்கு முன்பே கொள்வனவாளரிடம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சுவைஞர் தம் அறையிலேயே அவற்றைச் சுவைத்து விலையைத் தீர்மானித்துக்கொள்கிறார். நாவின் வேலை நாவிடமே இருக்கிறது. விலை கேட்பது மட்டுமே இடம் மாறியது. எந்த வேலைக்கு உடல் போக வேண்டும், எதற்குக் குரல் போனால் போதும் என்று பிரித்தறிவதுதான் இனிவரும் வணிகத்தின் போக்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வணிகப் பயணங்களில் பாதிக்கு மேல் மறைந்துவிடும் என்று 2020 நவம்பரில் பில் கேட்ஸ் சொன்னது பலிக்கவில்லை என்றார்கள். விமானங்கள் மீண்டும் நிரம்பியது உண்மைதான். ஆனால் அவற்றில் ஏற முடிந்தவர் யார்? யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் ஏற்றுமதி செய்ய முனையும் ஒரு பெண், ஜேர்மனியின் கொலோன் நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் அனுகா உணவுக் கண்காட்சிக்குப் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பவர், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பெற்றாக வேண்டும். அதன் கட்டணம் 2024 ஜூனில் 90 யூரோவாக உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. வங்கிக் கணக்கு விவரம், காப்புறுதி, கொழும்புக்கு வந்துபோகும் செலவு ஆகிய அனைத்தும் ஒரு பொதி விற்பதற்கு முன்பே அவர் தலையில் விழுகின்றன. நேரடிச் சந்திப்பே நம்பிக்கையைத் தரும் என்று சொல்லும்போது, அந்தச் சந்திப்புக்குள் நுழைய யாருக்கு அனுமதி உண்டு என்பதையும் எதிரணி சொல்ல வேண்டும். அந்தப் பெண் மாதிரிப் பொதியை அஞ்சலில் அனுப்பிவிட்டு, மறுமுனையில் இருப்பவரோடு சூம் வழியாகப் பேரம் பேசலாம். பேரம் படிந்த பின் ஒருமுறை நேரில் போய் வந்தால், அந்தப் பயணத்துக்கும் பொருள் இருக்கும்.

1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாட்டை நடத்திய கொழும்பின் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம் நம் பெருமை. மாநாடுகள் நம் விடுதிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஊதியம் தருகின்றன. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 2019இன் குண்டுவெடிப்பும், 2020இன் தொற்றும், 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது, வெளிநாட்டவரின் வருகையை மட்டும் நம்பியிருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை இந்த அவையே அறியும்.

மலையகத்தில் சிக்னல் கிடைப்பதில்லையே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கும்படி நம் அரசிடம் நாம் கேட்கலாம், போராடலாம், தேர்தலில் அதற்காக வாக்களிக்கலாம். ஒரு தூதரகம் விசாவை மறுக்கும்போது அப்படிக் கேட்பதற்கு நமக்கு எந்த வழியும் இல்லை.