சிமுலேஷன்ல பாஸ், லேப்ல ஃபெயில்: எல்லாம் அந்த ஒரு நானோஹென்றி!

ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கிற சர்க்யூட்), காரோட 12 வோல்ட்டை நொடிக்கு 22 லட்சம் தடவை, அதாவது 2.2 மெகாஹெர்ட்ஸ்ல, வெட்டி வெட்டி விடுது. கார் பார்ட்ஸோட மின் இரைச்சலுக்கு வரம்பு வைக்கிற தரநிலை சிஸ்பிர் 25. அதுல கடுமையான கிளாஸ் 5 என்ன கேக்குது தெரியுமா? எஃப்.எம். பாண்டுல, பேட்டரி வயர்ல வர்ற இரைச்சலோட சராசரி 18 டெசிபல்-மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 8 மைக்ரோவோல்ட். மில்லி இல்லைங்க, மைக்ரோ!

எதுக்கு 2.2 மெகாஹெர்ட்ஸ்? ஏ.எம். பாண்டுக்கு மேல தப்பிச்சுப் போக. பின்னணிக் கதை அவ்வளவுதான், விஷயத்துக்கு வாங்க.

[திரையில்: கெபாசிட்டரோட இம்பீடன்ஸ் (ஏ.சி.க்குக் காட்டுற தடை) வளைவு, 'வி' வடிவத்தில்]

இன்புட்ல 10 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். லீடும் வியாவும் (போர்டு அடுக்குகளை இணைக்கிற துளை) சேர்ந்து, நீங்க வரையாத 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் வருதுன்னு வைங்க. ரெண்டும் ஒத்ததிர்வுக்கு வர்ற இடம் சுமார் 1.6 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு மேல இது பேருக்குத்தான் கெபாசிட்டர், பாக்கிறது இண்டக்டர் வேலை! 100 மெகாஹெர்ட்ஸ்ல சிமுலேட்டரோட ஐடியல் கெபாசிட்டர் 0.16 மில்லிஓம் காட்டும். நிஜத்துல 0.63 ஓம். கிட்டத்தட்ட 4000 மடங்கு, 72 டெசிபல்! உங்க ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்) அங்கேயே உங்களை ஏமாத்தியாச்சு.

சரி, பக்கத்துல இன்னொரு 10 மைக்ரோ போட்டா? 5 மில்லிமீட்டர் தள்ளி வச்சா நடுவுல ஓடுற காப்பர் ட்ரேஸே சில நானோஹென்றியைச் சேர்த்துடும். அதைவிட ஐ.சி.யோட இன்புட் (VIN), கிரவுண்ட் பின்களை ஒட்டி ஒரு சின்ன 0402 சைஸ் கெபாசிட்டரை வைங்க. எம்.எல்.சி.சி.யோட (பல அடுக்கு செராமிக் கெபாசிட்டர்) மதிப்பு டி.சி. பயாஸ்ல, அதாவது மேல டி.சி. வோல்டேஜ் இருக்கிறப்போ, குறையும், அதனால டேட்டாஷீட் வளைவைப் பாத்து மாடல்ல போடுங்க. ஃபில்டர் இண்டக்டரும் இதே கதைதான்: 4.7 மைக்ரோஹென்றிக்கு இணையா 10 பிக்கோஃபாரட் இருந்தா, 23 மெகாஹெர்ட்ஸுக்கு மேல அது கெபாசிட்டர்.

ஸ்கீமேட்டிக்ல இல்லாத இன்னொரு பார்ட், ஸ்விட்ச் நோடுக்கும் (ஸ்விட்ச்சும் இண்டக்டரும் சேர்ற இடம்) டெஸ்ட் மேஜைத் தகட்டுக்கும் நடுவுல இருக்கிற காத்து. அதுல 1 பிக்கோஃபாரட் போதும். 12 வோல்ட் 5 நானோசெகண்ட்ல ஏறினா 2.4 மில்லிஆம்ப் துடிப்பு பாயும். ஸ்விட்ச் நோட் காப்பரைச் சின்னதாக்குங்க, அப்புறம் ஃபில்டரைப் பாக்கலாம்.

எல்.டி.ஸ்பைஸ் சிமுலேட்டர்ல ஓட்டுறவங்களுக்கு: ரெண்டு சப்ளை லைன்லயும் 5 மைக்ரோஹென்றி, 50 ஓம் எல்.ஐ.எஸ்.என். (சப்ளை வயர் இரைச்சலை அளக்க உதவுற நெட்வொர்க்) போடுங்க. டைம்ஸ்டெப் 0.5 நானோசெகண்டைத் தாண்ட வேண்டாம். டேட்டா கம்ப்ரஷனை அணைங்க, இல்லைன்னா எஃப்.எஃப்.டி.ல (அலையை அதிர்வெண்களாப் பிரிக்கிற கணக்கு) போலி இரைச்சல் எழும்பும். ஸ்டார்ட்-அப்பை வெட்டிட்டு, ஸ்விட்ச்சிங் பீரியடோட முழு மடங்கா ஒரு ஜன்னல் (நேரத் துண்டு) எடுங்க. வர்ற டெசிபல்-வோல்ட்டோட 120-ஐக் கூட்டினா டெசிபல்-மைக்ரோவோல்ட்.

இப்போ உங்க பழைய ஃபைலைத் திறந்து, இன்புட் கெபாசிட்டர்ல எத்தனை நானோஹென்றி போட்டிருக்கீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. பூஜ்யம்னாலும் பரவாயில்லை, திட்ட மாட்டேன்.