மூங்கிலுக்குள் காவல் இருக்கும் அப்பா தவளை! எதிரி யார் தெரியுமா?

வணக்கம் மக்களே! கையில் இரண்டு ரூபாய் நாணயம் இருந்தால் எடுங்கள். இன்றைய ஹீரோ கிட்டத்தட்ட அந்த அளவுதான், 25 மில்லிமீட்டர். அவர் வீட்டு வாசல் எவ்வளவு தெரியுமா? நீளம் 10 மில்லிமீட்டருக்குள், அகலம் மூன்று நான்கு மில்லிமீட்டர். நாணயத்தை எப்படித் திருப்பினாலும் போகாது, நம் வீட்டு உண்டியல் வாய்கூட இதைவிடத் தாராளம். ஆனால் இவர் நெளிந்து நெளிந்து உள்ளே போய்விடுவார். ரோட்டோரப் பிஞ்சுத் தவளை இல்லை, குடும்பம் நடத்துகிற பெரிய ஆள்!

சரி, வரலாறு ஒரே மூச்சில்: பெயர் ராவோர்செஸ்டிஸ் சலசோட்ஸ், இரவில் நடமாடும் பச்சை நிறப் புதர்த் தவளை, 1874-க்குப் பிறகு 136 வருடம் யார் கண்ணிலும் படவில்லை, 2011-ல்தான் மறுபடி கிடைத்ததாக அறிவித்தார்கள். இவர் குடும்பக் கதை தெரிய வந்தது நம்ம திருநெல்வேலிப் பக்கம், களக்காடு முண்டந்துறைக் காட்டில்.

அங்கே ஓடையோரம் நாணல் மூங்கில் வளரும். பூச்சியோ எலியோ கணுவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்த கீறல்தான் வாசல். ஆண் உள்ளே போய் உட்கார்ந்து கூப்பிடுவார், பெண் வந்து உட்சுவரில் ஐந்து முதல் எட்டு முட்டை ஒட்டிவிட்டுக் கிளம்பிவிடும். அதன்பிறகு எல்லாம் அப்பா பொறுப்பு. தலைப்பிரட்டை என்ற கட்டமே கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை. குளமும் வேண்டாம், குட்டையும் வேண்டாம்.

சாயந்திரம் சில மணி நேரம் இரை தேட வெளியே வருவார், மற்ற நேரமெல்லாம் வீட்டுக் காவல். அப்படி யாருக்குத்தான் பயம்? பாம்புக்கா? எறும்புக்கா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சேஷாத்ரி, பிக்ஃபோர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 2018-ல் வெளிவந்த ஆய்வில், அப்பாவை மட்டும் எடுத்துவிட்டு முட்டைகளை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். நிறைய முட்டைகள் காலி. முக்கியமாகத் தின்றது யார் என்றால் அதே இனத்து இன்னொரு ஆண்! அதாவது பக்கத்து வீட்டுக்காரர். முட்டையையும் தின்பார், கையோடு வீட்டையும் பிடித்துக்கொள்வார். வாடகை வீடு கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு அந்த வெறி கொஞ்சம் புரியும், ஆனாலும் இது ரொம்ப அதிகம் ஐயா.

மூங்கிலை அளவில்லாமல் வெட்டினால் இவர்களுக்கு வேறு வீடு இல்லை, அதுவும் உண்மை. அப்புறம், ராத்திரி முழுக்கத் தூங்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அப்பாக்கள் யாராவது இருந்தால் கமெண்டில் வந்து கையைத் தூக்குங்கள், நான் எண்ணிச் சொல்கிறேன்.