சேர்வராயன் மலையில் செடி எண்ணப் புதுச் சட்டம்

வணக்கம் நேயர்களே. செடிகளை எண்ணுவதற்காகத் தரையில் வைக்கும் சதுரச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். பழைய காணொளிகளில் நீங்கள் பார்த்த இரும்புச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முக்கால் அங்குல பிவிசி குழாயும், மூலைகளை இணைக்க நான்கு எல்போவும் வாங்கினேன். மொத்தம் 190 ரூபாய்தான். மூன்று மூலைகளுக்குப் பசை போட்டு, நான்காவதை மட்டும் கழற்றும்படி விட்டிருக்கிறேன். அந்த மூலையைத் திறந்து, காபிச் செடியின் தூரைச் சுற்றி நுழைத்து, மறுபடி மூடிவிடலாம். மூடிய சட்டத்தை உன்னிச்செடிப் புதரின் தலைமேல் இறக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை புரியும். முக்கியமானதைச் சொல்லாமல் போகிறேனே: சட்டத்தின் பக்க நீளமான ஒரு மீட்டர் என்பது உள்விளிம்புக்கு உள்விளிம்பு. எல்போவைப் பொருத்திய பிறகு அளந்து, மிகுந்ததை அறுத்துவிடுங்கள்.

மலை முழுவதும் உன்னிச்செடியே என்று ஒரு நேயர் அனுப்பிய தாவரக் கணக்கைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எல்லா மாதிரிகளும் கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் எடுக்கப்பட்டவை. வெயில் விழும் சாலையோரத்தில் உன்னிச்செடி செழிக்கத்தான் செய்யும். அதை வைத்து மலை முழுவதும் அதுவே என்று எப்படிச் சொல்ல முடியும்? சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிந்து, விழுந்த இடத்தில் எண்ணும் பழக்கமும் எனக்கு அறவே பிடிக்காது. எறிபவரின் கையும் நிற்கும் இடமும் அதில் புகுந்துவிடுகின்றன. காபித் தோட்டம், சோலைக்காடு, உச்சிப் புல்வெளி என முதலில் நிலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் பரப்புக்கு ஏற்ற எண்ணிக்கையில், குலுக்கலில் வந்த எண்களைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் புள்ளி முட்புதருக்குள் விழுந்தாலும் அங்கேதான் சட்டத்தை வைக்க வேண்டும்.

ஒரு மீட்டர்ச் சட்டம் புல், பூண்டு போன்ற சிறு செடிகளுக்குத்தான். சில்வர் ஓக் போன்ற மரங்களுக்கு 10 மீட்டர்ச் சதுரம் கட்டுவோம். அங்கே சரிவு ஏமாற்றும்; அந்த 10 மீட்டர் கிடைமட்ட அளவு. 30 பாகைச் சரிவில் மேல்நோக்கித் தரையோடு 10 மீட்டர் இழுத்தால், கிடைமட்டத்தில் ஏறத்தாழ 8.7 மீட்டர்தான் கிடைக்கும். ஆகவே டேப்பை 11.5 மீட்டர் வரை விட வேண்டும்.

விளிம்பில் வேர்விட்ட செடியை எண்ணுவதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேல், இடது விளிம்புகளில் இருப்பதைச் சேருங்கள். மற்ற இரண்டிலும் இருப்பதை விடுங்கள். கடைசி வரை இதை மாற்றாதீர்கள். தேடும் செடி இல்லாத சட்டத்தையும் பூஜ்ஜியம் என்று எழுதுங்கள். 50 சட்டங்களில் 12இல் அது இருந்தால் நிகழ்வு, அதாவது அந்தச் செடி இருந்த சட்டங்களின் பங்கு, 24 விழுக்காடு. வெறுஞ்சட்டங்களைத் தாளில் எழுதாமல் விட்டால் அதுவே 100 ஆகிவிடும்.